வரலாற்றின்மீது வழக்குரைத்தவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பில் 14ஆவது திருத்தம் நிறைவேறிய 1868ஆம் ஆண்டிலேயே வில்லியம் எட்வர்டு பர்க்கார்ட் டுபாய்ஸ் பிறந்தார். அடிமைகளாய்க் கிடந்தவர்களையும் அவர்தம் மக்களையும் நாட்டின் குடிகள் என ஏற்றுக்கொண்ட திருத்தம் அது. பிறந்த நாள் பிப்ரவரி 23. ஊர் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரேட் பாரிங்டன். 95 ஆண்டுகள் வாழ்ந்து, 1963 ஆகஸ்டு 27இல் ஆப்பிரிக்கக் கானா நாட்டின் தலைநகராகிய அக்ராவில் அவர் கண்மூடியபோது, அத்திருத்தம் தருவதாகச் சொன்ன உரிமைகளைக் கேட்டுக் கறுப்பின மக்கள் இன்னமும் தெருவில் நின்றுகொண்டிருந்தனர். ஒரு நாடு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதைக்கும் அந்நாட்டில் உள்ளபடி நடப்பதற்கும் உள்ள இடைவெளியை இவரளவுக்கு நெடுங்காலம் உற்றுநோக்கிய வரலாற்றறிஞர் வேறொருவரைக் காண்பதரிது.

தந்தை ஆல்ஃபிரட், மகன் தவழும் பருவத்திலேயே வீட்டை விட்டகன்றார். தாய் மேரி சில்வினா வீட்டுவேலை செய்து வளர்த்தார். சிற்றூரின் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகள் மிகச் சிலரே. ஒருமுறை மாணவர்கள் முகவரிச் சீட்டுகளை மாற்றிக்கொண்டு விளையாடியபோது, புதிதாய் வந்த ஒரு வெள்ளைச் சிறுமி இவருடைய சீட்டை மட்டும் வாங்க மறுத்தாள். தாம் பிறரினின்று வேறு என்று அன்று அவர் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். 1885இல் தாய் மறைந்தார். ஊர்த் திருச்சபையார் திரட்டித் தந்த பணத்தில் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லிலுள்ள பிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் நாட்டுப்புறத்துக்கு நடந்து சென்று, மரக்குடிலில் நடந்த பள்ளியொன்றில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். வடபுலத்துச் சிறுவன் தென்புலத்து உழவர்குடியை அறிந்தது அங்கேதான். நூலகங்கள் தராத கல்வி அது.

பின்னர் ஹார்வர்டு. 1890இல் இளங்கலை, மறு ஆண்டில் முதுகலை. மேற்படிப்புக்கு ஜெர்மனி செல்ல விரும்பினார். கறுப்பின மாணவர் கல்விக்கென ஏற்பட்ட சிலேட்டர் நிதியத்தின் தலைவர், அத்தகுதியுடைய மாணவர் எவரும் கிடைக்கவில்லை என்று பேசியதாக நாளேட்டில் படித்தவர், அத்தலைவருக்கே நேரில் மடல் எழுதினார். மறுப்பு வந்ததும் மீண்டும் எழுதினார். இறுதியில் பாதி கொடையும் பாதி கடனுமாக நிதி கிடைத்தது. அத்தலைவர் வேறு யாருமல்லர். 1877இல் குடியரசுத் தலைவராயிருந்து, தென்மாநிலங்களின் அரசு மனைகளைக் காத்துநின்ற நடுவணரசுப் படைகளை விலக்கி, கறுப்பின மக்களை அவர்தம் பழைய ஆண்டைகளின் கையில் விட்ட ரதர்போர்டு ஹேய்ஸே ஆவார். பின்னாளில் அந்த 1877ஆம் ஆண்டின்மீது வழக்குரைக்கப் போகிறவர் அவர் கைப்பணத்தில் பெர்லினுக்குப் புறப்பட்டார் என்பதைக் கற்பனையில் எழுதினால் மிகை என்பர்.

பெர்லினில் 1892 முதல் 1894 வரை பயின்றார். சிமோலரிடம் பொருளியல் கற்றார்; கருத்தைவிடத் தரவு பெரிது என்னும் பயிற்சி அங்கே வாய்த்தது. நிதியம் மேலும் ஓராண்டுக்கு உதவ மறுத்தமையால் பெர்லினின் முனைவர் பட்டம் கைகூடவில்லை. ஹார்வர்டு 1895இல் அப்பட்டத்தை அளித்தது. அப்பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் இவரே. ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தை அமெரிக்கா ஒடுக்கிய வரலாறு பற்றிய ஆய்வேடு மறு ஆண்டில் ஹார்வர்டு வரலாற்று வரிசையின் முதல் நூலாக வெளிவந்தது. 1808இல் தடைசெய்யப்பட்ட வாணிகம் தடைக்குப் பின்னும் எவ்வாறு நடந்தது, சட்டம் இயற்றியவர்களே எவ்வாறு கண்ணை மூடிக்கொண்டனர் என்பதை அது காட்டிற்று. தேசத்தின் நல்லெண்ணத்தை அதன் சட்டப் புத்தகத்தைக்கொண்டு அளக்கக் கூடாது என்னும் பாடம் அவருடைய முதல் நூலிலேயே உளது.

பிலடெல்பியா நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏழாம் வட்டத்தில் வீடுவீடாகச் சென்று செய்த ஆய்வு 1899இல் நூலாயிற்று. அதற்குள் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் அமர்ந்திருந்தார். வெள்ளையர் தவறாக எண்ணுவதற்குக் காரணம் அறியாமையே. உண்மையைத் திரட்டி முன்வைத்தால் அவர்தம் எண்ணம் மாறும் என்பது அந்நாளில் அவருடைய உறுதியான நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு 1899 ஏப்ரலில் அடி விழுந்தது. சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளியை ஒரு பெருங்கூட்டம் உயிரோடு எரித்தது. நடுநிலையோடு எழுதிய மடலொன்றை ஏந்தி நாளேட்டு அலுவலகம் நோக்கி டுபாய்ஸ் நடந்துகொண்டிருந்தார். அவர் செல்லும் வழியிலுள்ள கடையொன்றில் இறந்தவரின் விரற்கணுக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன என்று வழியில் கேள்வியுற்றார், அப்படியே திரும்பிவிட்டார். அடுத்த மாதம் அவருடைய ஒரே மகன், இரண்டு வயதும் நிரம்பாத குழந்தை, தொண்டையடைப்பான் நோயால் இறந்தான். ஜார்ஜியாவின் செம்மண்ணில் அவனைப் புதைக்க மனமின்றி, தாம் பிறந்த ஊருக்கே கொண்டுசென்று அடக்கம் செய்தார். ஆய்வாளராக அட்லாண்டாவுக்கு வந்தவர் போராளியாக மாறிய இடம் இது.

1903இல் வெளிவந்த கறுப்பின மக்களின் ஆன்மாக்கள் என்னும் கட்டுரைத் தொகுதி அம்மாற்றத்தின் விளைவு. அதன் ஒவ்வோர் இயலின் தலைப்பிலும் கவிதை வரிகளோடு அடிமைகள் பாடிய துயரப் பாடலொன்றின் இசைக்குறிப்பை அவர் சொற்களின்றி அச்சிட்டார். எழுதப்படிக்க அறியாதாரின் இசை, பெரும்புலவர் பாட்டோடு நிகராக அமர்ந்தது. அந்நூலிலேயே புக்கர் வாஷிங்டனோடு அவர் முரண்பட்டார். கைத்தொழில் கற்போம், வாக்குரிமைக்காக இப்போது வற்புறுத்தோம் என்னும் வாஷிங்டனின் வழி அந்நாளில் செல்வாக்கு மிக்கது. அவ்வழியில் சென்றோர் எல்லாரையும் கோழைகள் எனல் நேர்மையன்று. கும்பற்கொலை நடக்கும் ஊரில் பள்ளி கட்டுவதும் துணிவே. ஆயினும் வாக்கை விட்டுக்கொடுத்தவன் பள்ளியையும் காத்துக்கொள்ள இயலாது என்பதில் டுபாய்ஸ் அசையவில்லை. 1905இல் நயாகரா இயக்கம், 1909இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் எனப் பணிகள் விரிந்தன. 1910 நவம்பர் முதல் அச்சங்கத்தின் கிரைசிஸ் இதழுக்கு ஆசிரியரானார். 1919இல் அது 1 லட்சம் படிகள் விற்றது.

கவிஞர்கள் இவ்விதழை மறக்கவியலாது. லாங்ஸ்டன் ஹியூஸ் பதின்பருவத்தில் ஆறுகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கவிதை 1921இல் இதில்தான் வந்தது. அதனைத் தேர்ந்தவர் இலக்கியப் பகுதியைக் கவனித்த ஜெஸ்ஸி ஃபாசெட் என்னும் அம்மையார். ஹார்லெம் மறுமலர்ச்சி எனப்படும் இலக்கிய எழுச்சியில் ஆசிரியர் பெயர் வெளிச்சம் பெற, இவ்வம்மையார் பெயர் நெடுங்காலம் நிழலிலேயே கிடந்தது.

இனி அவர் வாழ்வின் நடுப்பொருளுக்கு வரலாம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் முடிவில் ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர். அதன்பின் 1877 வரையுள்ள காலம் மறுசீரமைப்புக் காலம் எனப்படும். அக்காலத்தில் தென்மாநிலங்களில் கறுப்பின ஆடவர் வாக்களித்தனர், சட்டமன்றங்களில் அமர்ந்தனர், 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் நாட்டின் மேலவைக்கே சென்றார். ஏழை வெள்ளைப் பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளி அப்போதுதான் தென்புலமெங்கும் வந்தது. இதன் முடிவு யாவரும் அறிந்ததே: கூ கிளக்ஸ் கிளான் போன்ற கூட்டங்களின் வன்முறை, 1877இன் படைவிலக்கம், 1890க்குப் பின் மாநிலந்தோறும் வாக்குப்பறிப்பு.

இம்முடிவுக்கு நியாயம் கற்பிக்க ஒரு வரலாறு தேவைப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவர்தம் மாணாக்கரும் மாநிலத்துக்கொரு நூலாக அதனை எழுதி முடித்தனர். அவ்வரலாற்றின்படி, விடுதலை பெற்றோர் ஆளத் தகாதவர். அவர்க்கு வாக்களித்தது பெரும்பிழை. ஊழலும் வீண்செலவும் பெருகின. தென்புலத்து வெள்ளையர் பொறுத்துப் பொறுத்துப் பின் தம் நாட்டை மீட்டனர். வடக்கும் தெற்கும் கைகுலுக்கிக்கொள்ள இக்கதை பெரிதும் உதவிற்று. இரு திறத்து வீரரும் மாண்புடையோர், இடையில் வந்த கறுப்பர் ஆட்சி மட்டுமே அவமானம் என்று இருவரும் ஒப்பினர். தேசிய ஒற்றுமை என்னும் கருத்தியல் ஒரு மக்கட்கூட்டத்தின் உரிமையை விலையாகக் கொடுத்தே வாங்கப்பட்டது. 1915இல் கிரிஃபித் எடுத்த ஒரு தேசத்தின் பிறப்பு என்னும் திரைப்படம் கிளான் கூட்டத்தாரைக் காவல் தெய்வங்களாகக் காட்டியபோது, குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனின் வரலாற்று நூலிலிருந்தே அதற்குச் சான்றுரைகள் எடுக்கப்பட்டன. வெள்ளை மாளிகையிலும் அப்படம் ஓடிற்று. பல்கலைக்கழகத்தின் அடிக்குறிப்பு திரைக்கு வந்து, திரையிலிருந்து தெருவுக்கு இறங்கிற்று. அவ்வாண்டே கிளான் புத்துயிர் பெற்றது.

இக்கதையை எதிர்த்து டுபாய்ஸ் முதலிற் பேசியது 1909 டிசம்பரில், நியூயார்க்கில் கூடிய அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் அவையில். மறுசீரமைப்பால் விளைந்த நன்மைகள் என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். மக்களாட்சி, இலவசப் பொதுப்பள்ளி, புதிய சமூகச் சட்டங்கள் ஆகிய மூன்றும் அக்கால அரசுகள் தந்தவை என்று நிறுவினார். அடுத்த ஆண்டு கழகத்தின் ஆய்விதழ் கட்டுரையை வெளியிட்டது. ஆங்கிலத்தில் இனப்பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதுவது மரபு. நீக்ரோ என்னும் சொல்லுக்கும் அவ்வாறே செய்யுமாறு அவர் வேண்டினார். பதிப்பாசிரியர் மறுத்துவிட்டார். ஓர் எழுத்தின் அளவில் ஓர் இனத்தின் மானம் அடங்கியிருந்தது என்பதைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடறியாத தமிழில் விளக்குவது சற்றுக் கடினமே. கட்டுரையை எவரும் வலுவாக மறுக்கவில்லை. எவரும் பொருட்படுத்தவும் இல்லை.

20 ஆண்டுகள் கழிந்தன. 1929இல் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தின் புதுப் பதிப்புக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிய கட்டுரை கேட்டனர்; எழுதித் தந்தார். மறுசீரமைப்புப் பற்றிய பகுதியைப் பதிப்பாசிரியர்கள் நீக்கினர். அப்பகுதியின்றிக் கட்டுரை வெளிவரலாகாது என்று திரும்பப் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டில் கிளாடு பவர்ஸ் என்பவர் அவலக் காலம் எனப் பெயரிட்டு எழுதிய நூல் பழைய கதையைச் சுவைபடச் சொல்லி ஆயிரக்கணக்கில் விற்றது. அடிமைத் தாய்க்குப் பிறந்து பாரிசில் முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியையான அன்னா ஜூலியா கூப்பர், இதற்கு மறுமொழி தருவார் நீரே என்று டுபாய்ஸுக்கு எழுதினார். ஒரு பெண்ணின் அம்மடல் இல்லையேல் அந்நூல் பிறந்திராது என்று துணிந்து கூற இயலாது. எனினும் உரிய காலத்தில் உரியவரிடம் சென்ற மடல் அது.

அமெரிக்காவில் கறுப்பர் மறுசீரமைப்பு என்னும் அந்நூல் 1935இல் 700 பக்கங்களைக் கடந்து வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சங்கத்தோடு கருத்து வேறுபட்டு இதழாசிரியப் பொறுப்பைத் துறந்து அட்லாண்டாவுக்குத் திரும்பியிருந்தார், வயது 67. கறுப்பர் மனிதரே என்று கொள்வோர்க்காகவே இதனை எழுதுவதாகவும், அதனை மறுப்போரோடு வாதிடப் போவதில்லை என்றும் முன்னுரையிலேயே அறிவித்துவிட்டார்.

நூலின் முதல் இயல்கள் போர்வீரரையோ தலைவர்களையோ அல்லாமல் கறுப்பினத் தொழிலாளி, வெள்ளைத் தொழிலாளி, பண்ணையார் எனத் தொடங்குகின்றன. அடிமைகளை லிங்கன் விடுவித்தார் என்பது பள்ளிப்பாடம். டுபாய்ஸ் அப்பாடத்தைத் திருப்பிப் போட்டார். போர் தொடங்கியதும் ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள் பருத்திக் காடுகளை விட்டு நீங்கி வடபடையின் பாசறைகளை நோக்கி நடந்தனர். ஆண்டைகளின் களஞ்சியத்துக்குக் கேடு விளைந்தது. எதிரியின் பாசறைக்கு உழைப்புக் கிடைத்தது. இதனை அவர் ஒரு பொது வேலைநிறுத்தம் என்று பெயரிட்டு அழைத்தார். அவர்களுள் படைக்கலம் ஏந்தியோரும் பலர். வடபடையில் போரிட்ட கறுப்பின வீரர் ஏறத்தாழ 1,80,000 பேர். தம்மைத் தாமே விடுவித்துக்கொண்டவர்களை விடுவிக்கப்பட்டவர்கள் என எழுதுவது இலக்கணத்தில் செய்வினை செயப்பாட்டுவினை மாற்றம்; வரலாற்றில் அது கொள்ளை.

இரண்டாவதாக, ஒரே வறுமையில் உழன்ற வெள்ளைத் தொழிலாளியும் கறுப்பினத் தொழிலாளியும் ஏன் ஒன்றுபடவில்லை என்னும் வினாவை எடுத்தார். குறைந்த கூலி பெற்ற வெள்ளையனுக்கு, வெள்ளையன் என்பதற்காகவே மதிப்பும் பொதுவிடங்களில் முன்னுரிமையும் கிடைத்தன. இது ஒருவகை மனக்கூலி என்றார் அவர். பசித்தவனுக்கு உயர்வெண்ணத்தைக் கூலியாகக் கொடுத்தால் அவன் சோற்றைக் கேட்க மறப்பான் என்னும் இவ்வுண்மையைச் சாதிப் படிநிலை அறிந்த நாட்டவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இறுதி இயல்தான் நூலின் உயிர். வரலாறு எவ்வாறு பரப்புரையாகிறது என்பதே அதன் பொருள். பள்ளிப் பாடநூல்கள், கலைக்களஞ்சியம், பல்கலைக்கழக ஆய்வுகள் அனைத்தையும் பெயர் சுட்டி அடுக்கி, தேசத்தின் தன்மதிப்புக்காக உண்மையை மறைப்பது வரலாறாகாது என்று வாதிட்டார். ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்று அவர் சொல்லவில்லை. நல்ல ஆய்வாளர்களும் கறுப்பர் சாட்சியத்தைச் சாட்சியமாகக் கொள்ளாத ஒரே காரணத்தால் பொய்யுரைக்க நேர்ந்தது என்பதே அவர் குற்றச்சாட்டு. இயல்களின் இறுதியில் கவிதைகளை வைத்திருக்கிறார். புள்ளிவிவரங்களுக்குப் பின் அவை வரும்போது, ஆய்வுநூலுக்கு இது தகுமா என்று முகஞ்சுளித்தோர் உண்டு. தகும் என்பதை நூலைப் படிப்போர் உணர்வர்.

குறைகள் இல்லாமலில்லை. தென்மாநில ஆவணக் காப்பகங்களில் அமர்ந்து மூலச் சுவடிகளைத் தேடும் வாய்ப்பும் பொருளும் அவர்க்கு இல்லை. அச்சிட்ட அரசு அறிக்கைகளையும் டன்னிங் மாணாக்கரின் நூல்களையுமே எதிர்நிலையில் நின்று படித்து, எதிர்வழக்காடியின் சாட்சியைக்கொண்டே தம் வழக்கை நிறுவினார். தென்கரோலினா அரசைத் தொழிலாளர் ஆட்சிபோலக் காட்டியது வலிந்து கொண்ட பொருள். அங்கு விடுதலை பெற்ற மக்கள் விரும்பியது சொந்தமாக ஒரு துண்டு நிலத்தை. நிலம் கிட்டாமல் வாரத்திற்கு உழும் குடிகளாய் அவர்கள் கடனில் மூழ்கியது தனிக்கதை. நாளேடுகள் சில பாராட்டின. அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழ் மதிப்புரையே எழுதவில்லை. 2022இல்தான், 87 ஆண்டுகள் கழித்து, எழுதிற்று. அதற்கு நெடுங்காலம் முன்பே எரிக் ஃபோனரின் 1988ஆம் ஆண்டு நூல் முதலியவை டுபாய்ஸின் பார்வையைப் பெரும்பாலும் நிலைநாட்டிவிட்டன.

அவரும் தேசியத்தின் மயக்கத்துக்கு ஆட்பட்டதுண்டு. முதல் உலகப் போரின்போது 1918இல், நம் குறைகளை ஒதுக்கிவைத்து வெள்ளையரோடு தோள்சேர்ந்து நிற்போம் என்னும் கருத்தில் தலையங்கம் எழுதினார். போர் முடிந்து திரும்பிய கறுப்பின வீரர் சீருடையோடு தாக்கப்பட்டபோது அதன் கைம்மாறு விளங்கிற்று. பிற்காலத்தில் சோவியத் நாட்டையும், அதற்குமுன் சிலகாலம் சப்பானியப் பேரரசையும் அவர் நோக்கிய நோக்கில் கடுமை குறைவு. 1953இல் ஸ்டாலின் இறந்தபோது புகழ்ந்தெழுதினார். பரப்புரையைத் தம் நாட்டில் நுனித்தறிந்த கண் வெளிநாட்டில் அதனைக் காணவில்லை. அவர்பால் மதிப்புடையோரும் இதனை மறைக்க வேண்டியதில்லை.

இந்தியாவோடும் அவர்க்குத் தொடர்பிருந்தது. லாலா லஜபதி ராய் நண்பர். 1928இல் எழுதிய புதினத்தின் தலைவி ஓர் இந்திய இளவரசி. 1946இல் டாக்டர் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டு அவருக்கு எழுதினார்; ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் அவ்வழியைப் பின்பற்றலாமா என்னும் எண்ணம் அதிலிருந்தது. டுபாய்ஸ் சூலை 31ஆம் நாள் பரிவோடு விடை எழுதினார். 1947இல் அவர் பதிப்பித்த முறையீடு அதே அவையின்முன் வைக்கப்பட்டது. சங்கத்தின் பொறுப்பிலும் நாட்டின் பேராளர் பொறுப்பிலும் ஒருங்கே இருந்த எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார், தம் நாட்டின் பெயர் கெடும் என்று அதனை விரும்பவில்லை. மறு ஆண்டில் டுபாய்ஸ் சங்கப் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

அணுகுண்டுத் தடைக்கான அமைதி இயக்கத்தில் ஈடுபட்டமைக்காக 1951இல் அந்நிய நாட்டின் முகவர் என்று குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தனர். 83 வயது முதியவர்க்குக் கைவிலங்கு பூட்டப்பட்டது. நவம்பரில் அரசுத் தரப்பு முடிந்ததுமே, சான்றில்லை என்று நீதிபதி வழக்கைத் தள்ளினார். எதிர்த்தரப்புச் சாட்சியாக வர ஐன்ஸ்டைன் இசைந்திருந்தார். வழக்கில் வென்றும் வாழ்வில் தண்டனை தொடர்ந்தது. நூலகங்கள் அவர் நூல்களை ஒதுக்கின. கடவுச்சீட்டு 1952 முதல் 1958 வரை மறுக்கப்பட்டது. 1957இல் கானா விடுதலை பெற்ற விழாவுக்கு அழைப்பு வந்தும் செல்ல முடியவில்லை.

1961இல் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்துவிட்டு, கானாவின் தலைவர் இன்குருமாவின் அழைப்பையேற்று அக்ராவுக்குச் சென்றார். ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுப்பது திட்டம். 93 வயதில் அப்பெரும்பணியை அவர் தொடங்கினார். 1963இல் அந்நாட்டின் குடியுரிமை பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 28இல் வாஷிங்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமை கேட்டுத் திரண்ட பேரணியின் மேடையில், முந்தைய நாள் அவர் மறைந்த செய்தி அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர், சங்கத்தில் அவரோடு பலகாலம் முரண்பட்டிருந்த ராய் வில்கின்ஸ். கலைக்களஞ்சியப் பணி அக்ராவில் முற்றுப்பெறாமல் நின்றது.